சதுக்கத்துக்கான முதல் சிற்பம்: நடுவில் வைப்பதா, ஓரத்திலா?

மண்விரல் கேட்டது:

வணக்கம். இதுவரை காட்சிக்கூடங்களுக்கு மட்டுமே வேலை செய்து வந்தவள் நான். சுடுமண், வெண்கலம், மிஞ்சிப்போனால் ஓர் ஆள் உயரம். இப்போது ஒரு நகரச் சதுக்கத்துக்கான போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறேன். மாதிரியும் வரைபடமும் கொடுக்க வேண்டும். மகிழ்ச்சியை விடப் பயம்தான் கூட இருக்கிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 70 மீட்டருக்கு 50 மீட்டர். சுற்றிலும் நான்கு மாடிக் கட்டடங்கள், உயரம் 15 மீட்டர் சுமாருக்கு. மேற்கு மூலையில் பேருந்து நிறுத்தம், எதிர் மூலையில் நூலகம். தரை முழுக்க வெளிர் நிறக் கிரானைட். வடக்குப் பாதிக்குக் கீழே கார் நிறுத்தும் நிலவறை இருக்கிறது.

என் யோசனை: மண்ணிலிருந்து சுருண்டு எழும் ஓர் இலை. 8 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெளிப்புறம் மங்கலாக, உட்குழிவு மட்டும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக. உள்ளே நிற்பவருக்கு வானமும் சதுக்கமும் தலைகீழாகத் தெரியும்.

மூன்று விஷயங்களில் தடுமாறுகிறேன். சதுக்கத்தின் நடுவில்தானே வைக்க வேண்டும்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லதா, துருவையே தோலாக வைத்துக்கொள்ளும் கார்டென் ஸ்டீல் நல்லதா? கடைசியாக, நடுவர்கள் "இது என்ன சொல்கிறது?" என்று கட்டாயம் கேட்பார்கள். போட்டி அறிவிப்பிலேயே "மக்களோடு உரையாட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

---

வரைகோல்:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். கட்டட வரைபடம்தான் என் பிழைப்பு, சிற்பம் இல்லை.

"நடுவில்தானே" என்று நீங்கள் எழுதியதிலேயே ஒரு பழக்கம் தெரிகிறது. காமிலோ சிட்டே என்ற வியன்னாக்காரர் 1889-லேயே இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார். குழந்தைகள் பனிமனிதனை எங்கே கட்டுகிறார்கள் என்று கவனித்தவர் அவர். வண்டியும் ஆளும் போய்ப் போய்ப் பனியில் தடம் விழுந்த பிறகு, அந்தத் தடங்களுக்கு இடையில் மிதிபடாமல் மிஞ்சுகிற திட்டுகளில்தான் கட்டுகிறார்கள். பழைய நகரங்களின் சிலைகளும் அப்படித்தான் நிற்கின்றன என்பது அவர் வாதம். பதுவாவில் தொனாத்தெல்லோ செய்த குதிரைவீரன் சிலையைப் பாருங்கள். தேவாலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கிறது. மிக்கேலாஞ்சலோவின் தாவீது 1504-இல் நகரமன்றத்தின் வாசலுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி நிறுத்தப்பட்டது. திறந்தவெளியின் நட்டநடுவில் இல்லை.

உங்கள் சதுக்கத்தில் பேருந்து நிறுத்தமும் நூலகமும் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. அப்படியானால் ஆட்கள் நடக்கும் கோடு சரியாக நடுவை வெட்டிக்கொண்டுதான் போகும். அங்கே ஒரு பொருளை வைத்தால் தினமும் அதைச் சுற்றிப் போக வேண்டும். நியூயார்க்கில் ஃபெடரல் பிளாசாவில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981-இல் வைத்த 'டில்டெட் ஆர்க்' அந்த மாதிரிதான். 3.66 மீட்டர் உயரம், 36 மீட்டருக்கும் கூடுதலான நீளம், சற்றே சாய்ந்த ஓர் எஃகுச் சுவர், சதுக்கத்தைக் குறுக்கே அறுத்தபடி. அங்கே வேலை செய்தவர்கள் மனு போட்டார்கள், 1985-இல் பொது விசாரணை நடந்தது, 1989-இல் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனார்கள்.

பார்க்கும் தூரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பொருளின் உயரத்தைப் போல ஒரு மடங்கு தூரத்தில் நின்றால் நுணுக்கம் தெரியும், இரு மடங்கில் முழு உருவமும் ஒரே பார்வையில் அடங்கும், மூன்று மடங்கில் பின்னணியோடு சேர்ந்து தெரியும். உங்கள் 8 மீட்டருக்கு அது 8, 16, 24. நடுவில் வைத்தால் நீளப் பக்கத்துக்கு 25 மீட்டர்தான் கிடைக்கும், அதாவது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே படம். தென்கிழக்கில் தள்ளி வைத்தால், பேருந்திலிருந்து இறங்குகிறவருக்கு ஐம்பது மீட்டர் சொச்சத்திலிருந்து தெரிய ஆரம்பித்து, அவர் நடக்க நடக்க வளர்ந்து, கடைசியில் தோளருகே வந்து நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

காலை, மதியம், மாலை மூன்று வேளையும் சதுக்கத்தில் உட்கார்ந்து, ஆட்கள் போகிற கோடுகளை ஒரு தாளில் வரைந்துகொண்டே இருங்கள். கோடு விழாத இடம் தானாகத் தெரியும். நிழல் விழும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

---

இரும்புத்தூள்:

கலை பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. மற்றவர்கள் வரைவதை இரும்பில் செய்து கொடுக்கிற பட்டறை என்னுடையது. உங்கள் பதிவில் இரண்டு இடங்களைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்று "உட்குழிவு பளபளப்பாக". இன்னொன்று "கீழே நிலவறை".

முதலில் குழிவு. குழியாடி வெயிலை ஒரு புள்ளியில் சேர்க்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வளைவின் ஆரத்தில் பாதித் தூரத்தில் குவியம். உங்கள் இலையின் வளைவு ஆரம் 12 மீட்டர் என்றால் 6 மீட்டர் தள்ளி வெயில் குவியும், அதாவது ஆள் நின்று ரசிக்கிற அதே இடத்தில். இது கற்பனைப் பயம் இல்லை. லண்டனில் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு 2013-இல் கீழே தெருவில் நின்ற ஒரு காரின் பாகங்களை உருக்கிவிட்டது. அப்புறம் முகப்பில் தடுப்புப் பட்டைகள் வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 2003-இல் திறந்த டிஸ்னி இசையரங்கிலும் பளபளப்பான குழிந்த தகடுகள் பக்கத்து வீடுகளைச் சுட்டன. 2005-இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள்.

"சிகாகோவில் அனிஷ் கபூர் செய்த 'கிளவுட் கேட்' சிற்பமும் கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அதன் வெளிப்புறம் முழுக்கப் புடைத்த வளைவு, வெயிலைச் சிதறடிக்கும். குழிந்த பகுதி அடிவயிற்றில் இருக்கிறது, நேர் வெயில் அங்கே எட்டாது. ஆகவே ஒன்று இலையைத் திருப்பிப் புடைத்த பக்கத்தைப் பளபளப்பாக்குங்கள், இல்லையென்றால் குழிவு ஆண்டு முழுவதும் சூரியன் வராத திசையைப் பார்க்கட்டும். இரண்டாவது வழியைத் தேர்ந்தால் சூரியப் பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்த்து அறிக்கையோடு கொடுங்கள். "வடக்கு பார்த்தால் போதும்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில மாதங்கள் சூரியன் வடக்கேயும் வரும்.

அடுத்தது காற்று. காட்சிக்கூடத்தில் எடைதான் எதிரி. வெளியில் எடை நமக்கு நண்பன், காற்றுதான் எதிரி. தோராயக் கணக்கு: காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். புயலில் நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1500 நியூட்டன், கிட்டத்தட்ட 150 கிலோ. உங்கள் இலை 40 சதுர மீட்டர், ஆக 6 டன். குழிந்த முகம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இன்னும் 1.4 மடங்கு என்று போடுங்கள்: 8 டன்னுக்கு மேல். 6 மி.மீ. தகட்டில் இரண்டு தோலும் உள்ளே சட்டமும் வைத்தால் சிற்பத்தின் எடையே 6, 7 டன்தான் வரும். சிற்பத்தின் எடையை விடக் கூடுதலான விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும், அதுவும் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில். அதைக் கவிழாமல் பிடிக்க 4 மீட்டருக்கு 4 மீட்டர், அரை மீட்டருக்கும் கூடுதலான தடிமனில் கான்கிரீட் கட்டி வேண்டும், அது 25 டன் பக்கம் வரும். இது பேச்சுக்கான கணக்கு. கையெழுத்துப் போடுகிற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், பரிசு கிடைத்த பிறகு தேடாதீர்கள்.

ஆன்டனி கோர்ம்லியின் 'ஏஞ்சல் ஆஃப் த நார்த்' 1998-இல் நின்றது. சிலை 200 டன், அதைப் பாறையோடு கட்டிப்போட 600 டன் கான்கிரீட் மண்ணுக்குள் போயிருக்கிறது. 54 மீட்டர் இறக்கை குன்றின் மேல் நின்றால் அப்படித்தான். பட்ஜெட் போடும்போது யாரும் பார்க்காத அந்தப் பகுதிக்குத்தான் முதலில் பணத்தை ஒதுக்க வேண்டும்.

இப்போது நிலவறை. அந்த 25 டன்னை வடக்குப் பாதியில் வைத்தால் நிலவறையின் கூரை தாங்குமா? தாங்கலாம், தாங்காமலும் போகலாம். கிளவுட் கேட் 100 டன், அதற்குக் கீழே ஓர் உணவகமே இருக்கிறது, அதற்கென்று கீழே தனியாகத் தாங்கல் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் இடத்தில் பெரும்பாலும் தெற்குப் பாதிதான் ஒத்துவரும். அங்கேயும் குடிநீர்க் குழாய், மின்கேபிள், கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று வரைபடம் கேளுங்கள். வரைபடத்தை அப்படியே நம்பாமல் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வேலையில், குறித்துக் கொடுத்த இடத்துக்கு நேர் கீழே பெரிய கழிவுநீர்க் குழாய் போனது அஸ்திவாரம் தோண்டும் அன்றுதான் தெரிந்தது. சிற்பம் லாரியில் கட்டிய கட்டிலேயே காத்துக் கிடந்தது.

இன்னொன்றும் எல்லாருக்கும் மறந்துபோகும். சிற்பத்தைத் தூக்கி வைக்கும் கிரேன் சிற்பத்தைவிடப் பல மடங்கு கனம். அது சதுக்கத்துக்குள் எந்த வழியாக வரும், அதன் கால்கள் எங்கே ஊன்றும்? நிலவறையின் கூரை மேலா? கல் பாவிய தரை உடைந்தால் யார் கணக்கு?

பொருளைப் பற்றி: வெளிர் கிரானைட் என்கிறீர்கள், கார்டெனை மறந்துவிடுங்கள். முதல் சில ஆண்டுகள் மழை பெய்யும்போதெல்லாம் செங்காவித் தண்ணீர் வடிந்து கல்லில் ஏறும், கழுவினாலும் போகாது. தண்ணீர் தேங்கும் மடிப்பு இருந்தால் அந்த இடத்தில் துரு நிற்கவே நிற்காது, தின்றுகொண்டே போகும். கடற்கரைக் காற்றும் அதற்கு ஆகாது. சரளைக்கல்லோ புல்லோ சுற்றி இருந்தால் அழகான பொருள், மறுக்கவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால், உப்புக் காற்று உள்ள ஊருக்கு 304 என்ற ரகம் வேண்டாம், 316 ரகம் கேளுங்கள். பட்டறையில் சாதா இரும்பைத் தேய்த்த கிரைண்டர் டிஸ்க்கை இதில் வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் பதிந்து, ஆறு மாதத்தில் "ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்கிறதே" என்று ஃபோன் வரும். வெல்டிங் முடிந்ததும் ஆசிட் போட்டுச் சுத்தம் செய்தார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். உள்சட்டம் சாதா இரும்பு என்றால் இரண்டும் நேராகத் தொடாமல் நடுவில் நைலான் வாஷரும், போல்ட்டைச் சுற்றி நைலான் குழலும் (புஷ்) போடுங்கள். வெயிலில் தோல் நீளும், உள்சட்டம் அந்த அளவுக்கு நீளாது. 8 மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் 5 மி.மீ. வரை நீண்டு சுருங்கும். போல்ட் துளை நீள்வட்டமாக இருந்தால்தான் தகடு உப்பாமல் நகரும். உள்ளே ஈரம் வேர்க்கும், அடியில் வடிதுளை வையுங்கள்.

கண்ணாடிப் பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய தகட்டில் வெல்டிங் சூடு பட்டால் அலை விழும். மங்கலான மேற்பரப்பில் அது தெரியாது. கண்ணாடி மாதிரித் தேய்த்தீர்களோ, ஒவ்வொரு அலையும் தெரியும், எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் எல்லாம் நெளியும். கிளவுட் கேட்டின் 168 தகடுகளும் 10 மி.மீ. தடிமன். 2004-இல் தகடுகளை இணைத்த வெல்டிங் தையல் தெரியத் தெரியத் திறந்துவைத்து, மறுபடி மூடி, எல்லாத் தையலையும் தேய்த்து மறைத்து முடிக்க 2006 ஆனது. 60 லட்சம் டாலர் என்று ஆரம்பித்த வேலை 2 கோடியே 30 லட்சத்தில் முடிந்தது. உங்களுக்குப் பின்னால் அந்த மாதிரிக் கொடையாளர்கள் நிற்கிறார்களா?

---

மண்விரல்:

இரும்புத்தூள் அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி என்பது சின்ன வார்த்தை.

குழிவை விட மனம் வரவில்லை. இலைக்குள் நிற்கும் அனுபவம்தான் என் யோசனையின் உயிர். பளபளப்பை விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. வெளிப் புடைப்பைப் பளபளப்பாக்கி, உள்ளே மணல் அடித்த மாதிரி மங்கலாக விட்டால்? வெளியே சதுக்கம் வளைந்து தெரியும், உள்ளே வெளிச்சம் மட்டும் பரவும். தலைகீழ் வானம் போய்விடும், போகட்டும்.

வரைகோல் சொன்னபடி ஆட்கள் போகும் கோடுகளை வரைந்தேன். நடு வழியாகத்தான் போகிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று: தெற்குப் பக்கம் மதியத்துக்கு மேல் கட்டட நிழல் விழுகிற இடத்தில் யாரும் நிற்பதில்லை, உட்கார ஒன்றுமே இல்லாததால். நூலகப் படியில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

---

கோணல்:

எல்லாரும் சேர்ந்து அந்த இலையைப் பேருந்து நிழற்குடை ஆக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது. வழியில் நிற்கக் கூடாது, சுடக் கூடாது, கறை படியக் கூடாது. செர்ராவின் சுவர் குறுக்கே நின்றது தவறு இல்லை, அதுதான் அந்தப் படைப்பே. அந்தச் சதுக்கத்தில் ஆட்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை அவர் பார்க்காமல் விடவில்லை. பார்த்துவிட்டு, அதை மாற்றத்தான் வைத்தார். 1985 விசாரணையில் பேசியவர்களில் வைத்திருக்கச் சொன்னவர்கள் 122 பேர், எடுக்கச் சொன்னவர்கள் 58 பேர். வரைகோல் மனுவை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டார்.

"என்ன சொல்கிறது" என்ற கேள்விக்கும் பதில் தேவையில்லை. சிகாகோவில் பிக்காசோ 1967-இல் கொடுத்த 15 மீட்டர் எஃகு உருவத்துக்கு இன்றுவரை பெயர் கிடையாது. பெண்ணா, நாயா, பறவையா என்று அவரும் சொல்லவில்லை. ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் சொந்தம் கொண்டாடியது. இலைக்குச் "சுற்றுச்சூழல்", "புதுப்பிறப்பு" என்றெல்லாம் விளக்கம் ஒட்டாதீர்கள், தயவுசெய்து.

---

வரைகோல்:

கோணல் சொன்ன எண்ணிக்கை சரி. செர்ரா தெரிந்தேதான் செய்தார் என்பதும் சரி. ஆனால் குறுக்கே நிற்பது அவர் படைப்பின் பொருள். மண்விரலின் இலைக்கு அது பொருள் இல்லை, இடத்தை யோசிக்காததால் வரும் விபத்து. வழியை மறிப்பதுதான் நோக்கம் என்றால் மறிக்கட்டும். இங்கே நோக்கம் உள்ளே வரவழைப்பது.

அதே சிகாகோவில் சிற்பி கால்டர் 1974-இல் வைத்த 'ஃபிளமிங்கோ' எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். 16 மீட்டர் உயரம், சுற்றிலும் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கறுப்புக் கட்டடங்கள், நேர்கோடும் செங்கோணமும் மட்டுமே. நடுவில் செந்நிறத்தில் வளைந்த கால்கள். ஆட்கள் அந்த வளைவுகளுக்கு அடியில் நடந்து போகலாம். பெரிய பொருள்தான், ஆனால் வழியை மறிக்கவில்லை. கட்டடமும் எஃகு, சிற்பமும் எஃகு என்பதால் சண்டையும் போடாமல் அடங்கியும் போகாமல் நிற்கிறது. உங்கள் இலைக்குப் பின்னால் எந்த நிறச் சுவர் வருகிறது என்று பார்த்தீர்களா? பளபளப்பான புடைப்பு எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் விளம்பரப் பலகை இருந்தால் உங்கள் சிற்பத்தின் பாதி விளம்பரம்தான்.

பீடம் வேண்டாம். பிரான்ஸில் கலே நகரத்துக்காகச் சிற்பி ரொதான் செய்த ஆறு குடிமக்கள் சிலைகள் மக்களோடு மக்களாகத் தரையில் நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 1895-இல் உயரமான பீடத்தில் ஏற்றினார்கள். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1924-இல்தான் கீழே இறக்கினார்கள். உங்கள் இலை மண்ணிலிருந்து எழுகிறது என்றால் கிரானைட்டைக் கிழித்துக்கொண்டு எழட்டும்.

உட்கார இடம் இல்லை என்று நீங்கள் கவனித்தது பெரிய விஷயம். வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970-களில் நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது அதுதான். உட்கார இடம் இருக்கிற இடத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பாதிச் சதுக்கங்களில் இதை மறந்துவிடுகிறார்கள். ஓர் அடியிலிருந்து மூன்று அடி உயரம் வரை எதிலும் உட்காருவார்கள் என்பதும் அவர் கவனித்தது. முன்பின் தெரியாத இருவர் ஒரு சிற்பத்தைப் பார்த்துவிட்டு ஒருவரோடொருவர் பேச ஆரம்பிப்பதையும் குறித்து வைத்திருக்கிறார். நடுவர்கள் எதிர்பார்க்கும் "உரையாடல்" அதுதான், அதற்கு இலையின் அடிவிளிம்பை 45 செ.மீ. உயரத்தில் கொஞ்சம் வெளியே நீட்டினாலே போதும்.

---

ஏணி:

பொது இடங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். வடிவமைப்பாளர்கள் திறப்பு விழாவோடு போய்விடுவார்கள், மறுநாள் காலையிலிருந்து அது எங்கள் பாடு. ஆகவே என் பங்குக்கு.

ஏறுவார்கள். "ஏறாதீர்கள்" என்று பலகை வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். கால் வைக்க முதல் இடம் எங்கே கிடைக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளையின் கண்ணோடு மாதிரியைப் பாருங்கள். ஒன்று, தரையிலிருந்து இரண்டரை மீட்டர் வரை பிடிமானமே இல்லாமல் செய்யுங்கள். இல்லை, ஏறினால் ஏறட்டும் என்று தாழ்வாக ஒரு பகுதியை அதற்கே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எலும்பை முறிக்கும். பிக்காசோவின் சிற்பத்தின் அடிச்சரிவில் பிள்ளைகள் இன்றும் சறுக்கி விளையாடுகிறார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை.

இலையின் சுருளில் இடுக்கு வருமா? 9 செ.மீ.யிலிருந்து 23 செ.மீ. வரையான இடைவெளியை விளையாட்டுத் திடல்களில் விடக் கூடாது என்பது பாதுகாப்பு விதி, பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஒன்று அதைவிடச் சின்னதாக வையுங்கள், இல்லை பெரிதாக. கூரான இலைநுனி கண் உயரத்தில் வரக் கூடாது. பார்வை இல்லாதவர் கைத்தடியோடு வருவார், தலைக்கு மேல் சாய்ந்து நீளும் பகுதிக்கு நேர் கீழே தடி தட்டும்படி ஏதாவது இருக்க வேண்டும்.

சுத்தம் செய்வது: கிளவுட் கேட்டின் கீழ்ப்பகுதி 1.8 மீட்டரை நாளுக்கு இரண்டு முறை கையால் துடைக்கிறார்கள், விரல்ரேகைக்காக. எங்களிடம் அந்த ஆள்பலம் கிடையாது, அநேகமாக உங்கள் நகராட்சியிடமும் இருக்காது. கை எட்டும் உயரம் வரை மங்கலாக, அதற்கு மேல் பளபளப்பாக என்று மெதுவாக மாறும்படி செய்ய முடியுமா, பாருங்கள். மேல்பகுதியைக் கழுவத் தூக்கி வண்டி எந்தப் பக்கமாக வரும் என்றும் வரைபடத்தில் காட்டுங்கள்.

விளக்கு வைப்பதென்றால் தரையில் புதைக்கும் விளக்கு வேண்டாம். தண்ணீர் புகும், கண்ணைக் கூசும், வெட்டி மாற்றக் கல்லைப் பெயர்க்க வேண்டும். பக்கத்துக் கம்பத்திலிருந்து அடியுங்கள். இடிதாங்கி எர்த்திங்கை அஸ்திவாரத்தோடு சேர்த்தே போட்டுவிடுங்கள்.

பராமரிப்புக் கையேடு ஒன்று கொடுங்கள், நான்கு பக்கம் போதும். என்ன சோப்பு, எந்தத் துணி, எந்த போல்ட்டை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், கீறல் விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். போட்டிக் கட்டத்திலேயே அதைக் கொடுத்தால் நடுவர் குழுவில் இருக்கும் பொறியாளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். சிற்பத்தை இடம் மாற்றவோ அகற்றவோ வேண்டியிருந்தால் முதலில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். டெல்லி விக்யான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அவரைக் கேட்காமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005-இல் உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான், ஆனால் அதற்குள் கால் நூற்றாண்டு போய்விட்டதே.

---

மண்விரல்:

இப்போது இருக்கும் நிலை இது. இலை தென்கிழக்கில், நடைபாதைக் கோட்டுக்கு வெளியே. உயரத்தை 8-இலிருந்து 6.5 ஆகக் குறைத்தேன். காற்றுக்காக மட்டும் இல்லை, பின்னால் வரும் கட்டடத்தின் இரண்டாவது மாடி விளிம்போடு நுனி ஒத்துப்போனதும் இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பது போல ஆகிவிட்டது. அடிவிளிம்பு ஒரு பக்கம் 45 செ.மீ.யில் நீண்டு இருக்கையாகிறது, மறுபக்கம் செங்குத்தாக ஏறுகிறது, அங்கே கால் வைக்க இடமில்லை. உள்ளே மங்கல். வெளியே தோள் உயரத்துக்கு மேல் மட்டும் பளபளப்பு. அதில் நூலகமும் வானமும்தான் விழும், விளம்பரப் பலகை எதுவும் அந்தப் பக்கம் இல்லை, போய்ப் பார்த்துவிட்டேன்.

"என்ன சொல்கிறது" என்ற கேள்விக்கு, கோணல் சொன்னபடி விளக்கம் எதுவும் எழுதவில்லை. மதியம் மூன்று மணிக்கு யார் எங்கே உட்காருவார்கள், என்ன தெரியும் என்று ஒரே ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். போதாது என்றால் தோற்றுப்போகிறேன்.

கடைசியாக ஒன்று. 1:50 மாதிரி, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு அளவில், கேட்கிறார்கள். அது மேசை மேல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 6.5 மீட்டர் அந்த இடத்தில் சின்னதாகத் தெரியுமா, பெரிதாகத் தெரியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

இரும்புத்தூள்:

மேசை மேல் இருக்கும் மாதிரியை நாம் மேலே இருந்து பார்க்கிறோம். அந்தக் கண்ணோட்டம் பறவைக்குத்தான் கிடைக்கும். கண்ணைத் தரைமட்டத்துக்கு இறக்கி, ஃபோனை மாதிரியின் பக்கத்தில் படுக்க வைத்துப் படம் எடுங்கள், பாதி தெரிந்துவிடும்.

மீதிக்கு, அனுமதி வாங்கி ஒரு நாள் சாரம் கட்டுங்கள். 6.5 மீட்டர் உயரத்துக்குச் சவுக்குக் கம்போ சாரக்குழாயோ, மேலே பழைய துணி. வடிவம் துல்லியமாக வேண்டாம், வெளிக்கோடு வந்தால் போதும். காற்று அடித்தால் துணியை உடனே அவிழ்க்க ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்கட்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்தும் நூலகப் படியிலிருந்தும் மேல்மாடி ஜன்னல் ஒன்றிலிருந்தும் பாருங்கள். வெளியில் எல்லாமே சின்னதாகத் தெரியும் என்பது என் அனுபவம், வானம் தின்றுவிடும். ஆனால் உங்களுடையது சுவருக்குப் பக்கத்தில் வருவதால் ஒருவேளை 6.5 போதும்.

சாரம் கட்டும்போதே நான்கு மூலையிலும் சுண்ணாம்பால் அஸ்திவாரக் கட்டத்தைக் குறித்துவிடுங்கள். மேன்ஹோல் மூடி எதுவும் அதற்குள் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். உயரம் குறைந்துவிட்டது, காற்றுக் கணக்கையும் பொறியாளரிடம் புதிதாகப் போடச் சொல்லுங்கள், கான்கிரீட் நன்றாகவே குறையும். அடித்தகடு கல்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போகட்டும், போல்ட் தலைகள் வெளியே தெரியாது. ஆனால் ஏணி சொன்ன மாதிரி போல்ட்டைப் பார்க்க வழி வேண்டும், ஒரு கல்லை மட்டும் பெயர்த்தெடுக்கும்படி விட்டுவையுங்கள். போல்ட் வட்டத்தின் வரைபடம் தயாரானதும் இங்கே போடுங்கள், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் போல்ட்டுகளைச் சரியான இடத்தில் பிடிக்கும் அச்சுத் தகடு (டெம்ப்ளேட்) எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.